படலையில் நின்று பேசாதே

தோப்பூர்

அன்பு மகள்,

குடும்பநல உத்தியோகத்தராக உனக்கு நியமனம் கிடைத்ததாக உம்மா சொன்னா. அதே வேலையில் தலை நரைத்தவள் என்ற உரிமையில் ஒன்று மட்டும் எழுதுகிறேன்.

நீ போகும் ஊரும் நம்மூர் மாதிரித்தான். கிளினிக் வாங்கில் மச்சியும் மதினியும் அருகருகே இருப்பார்கள். எச்.ஐ.வி.க்கு இரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் கர்ப்பிணியின் முகம் மாறும். "என்னையா சந்தேகப்படுறீங்க?" என்பாள். "வயித்துப் பிள்ளையோட வாற எல்லாருக்கும் பார்க்கிறோம் புள்ளை, டொக்டர்ட பெண்சாதிக்கும் இதுதான்" என்று சொல். உண்மையும் அதுதான்.

கிருமி உள்ள தாய்க்கு மருந்தே கொடுக்காவிட்டால், 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் அந்த ஆபத்து இருக்கிறது. தாய் நேரத்தோடு மருந்து தொடங்கி விடாமல் எடுத்தால், பிறந்த பிள்ளைக்கும் மருந்து கொடுத்தால், அது 5க்கும் கீழே போகும். அதனால்தான் எட்டு வாரத்துக்கு முன்பே பதியச் சொல்கிறோம். பாலூட்டுவது பற்றி வைத்தியரே முடிவு சொல்லட்டும்; நீ ஊகித்துச் சொல்லாதே.

இனி என் பிழையைக் கேள். ஒருநாள் ஒரு வீட்டுப் படலையில் நின்றபடியே, "அந்த இரத்த ரிப்போட் வந்திட்டு, கிளினிக்குக்கு வா" என்று கூப்பிட்டேன். அவளுக்கு இரத்தம் குறைவு, வேறொன்றுமில்லை. ஆனால் 'அந்த' என்ற சொல் அஸருக்குள் தெருக்கோடிக்குப் போய்விட்டது. அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் அவள் வரவில்லை. உண்மையிலேயே அவளுக்குக் கிருமி இருந்திருந்தால், பிள்ளைக்குரிய இரண்டு மாத மருந்தை என் நாக்கு பறித்திருக்கும்.

வெளிநாடு போய் வந்தவளை மட்டும் ஊர் உற்றுப் பார்க்கும். நீயும் அப்படிப் பார்க்காதே. வாசற்படி தாண்டாத பெண்ணுக்கும் புருசனிடமிருந்து வரலாம். அவரையும் பரிசோதனைக்குக் கூப்பிடு. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால், ஒரே கிணற்றில் குளித்தால் இது தொற்றாது என்பதை மாமிமாருக்கும் சொல்லு. மருமகளைக் கிளினிக்குக்கு அனுப்புவதும் தடுப்பதும் அவர்கள்தான்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று தந்தது. கியூபா 2015இல் முதலாவதாகப் பெற்ற சான்று அது. ஒழித்தது என்றால் கிருமி நாட்டில் இல்லை என்று பொருளல்ல. ஒவ்வொரு கர்ப்பிணியும் வந்து இரத்தம் கொடுக்கும் வரைக்கும்தான் அந்தச் சான்று நிற்கும். உன்னை நம்பினால்தான் வருவார்கள்.

முதல் நாள் வீடு வீடாகப் போகும்போது பதிவேட்டைக் கையில் பிடிக்காதே, பைக்குள் வை. உள்ளே போய் இருந்து பேசு.

துஆவுடன்,
மாமி