எருமைக்கு வெயில் உறைக்காதா?

எருமை மாட்டின்மேல் மழை பெய்தாற்போல் என்று நாம் வாய் கூசாமல் சொல்லிவரும் பழமொழி, அந்தப் பிராணியின் தோலைப் பற்றி ஜனங்களின் மனத்தில் ஊன்றிவிட்ட அபிப்பிராயம் எத்தகையது என்பதைக் காட்டுகிறது. மழை உறைக்காத தோலுக்கு வெயில் மட்டும் உறைக்குமா என்று எண்ணித்தான், அக்கினி நட்சத்திரத்து உச்சி வேளையிலும் அதை வெட்டவெளியில் முளையடித்துக் கட்டிவிட்டுத் திண்ணையில் தலை சாய்க்கிறோம். உண்மை இதற்கு நேர் விரோதமானது. கறுத்த தோல் சூரிய உஷ்ணத்தை அதிகமாகக் கிரகிக்கிறது. அதை வெளியேற்ற வேண்டிய வேர்வைச் சுரப்பிகளோ பசுவைக் காட்டிலும் எருமைக்கு வெகு குறைவு. ஆகவே அது குட்டையைத் தேடிப் போய்ச் சேற்றில் புரள்வது சோம்பலுமன்று, அழுக்கின்மேல் கொண்ட ஆசையுமன்று. உடம்பில் அப்பிய ஈரச் சேறு மெல்ல உலரும்போது சரீரத்தின் சூட்டையும் கூடவே வாங்கிக்கொண்டு போகிறது. குட்டை தூர்ந்துபோன ஊரில் எருமை வளர்ப்பவர் பகலில் இரண்டு மூன்று தடவையாவது அதன்மேல் தண்ணீர் ஊற்றக் கடமைப்பட்டவர்.

பிராணிகளின் வெயில் வேதனையைக் குறித்து நாம் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே பிழையின் பல ரூபங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. உஷ்ணம் வெளியிலிருந்து மட்டுமே வருகிறது என்று எண்ணி, வெயில் படாமல் மறைத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். உயிருள்ள சரீரம் ஒவ்வொன்றும் தன்னளவில் ஓர் அடுப்பு என்பதையும், அந்த அடுப்பின் சூடு வெளியேற வழி வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம். கொட்டகைக்குள் கட்டிவிட்டால் மாட்டுக்குக் கவலையில்லை என்ற நம்பிக்கை இப்படிப் பிறந்ததுதான். சென்ற சித்திரையில் உறவினர் ஒருவர் வீட்டில், தாழ்ந்த தகரக் கூரையும் மூன்று பக்கச் சுவருமாக இருந்த தொழுவத்தில் பகல் இரண்டு மணிக்கு நுழைந்தேன். கூரைக்கு ஒரு சாண் கீழே கையை நீட்டினால் தோசைக்கல்லின்மேல் நீட்டினாற்போல் இருந்தது; அங்கே நின்ற கலப்பினப் பசு படுக்கவும் மனமின்றி, கழுத்தை முன்னே நீட்டி, விலா புடைக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி ஒரு வேப்பமரம்! அதன் நிழலில் கட்டியிருந்தால், மேலிருந்து அனலை வீசும் கூரையும் இல்லை, காற்றை மறிக்கும் சுவரும் இல்லை. மரமில்லாதவர்கள் தகரத்தின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பலாம், அல்லது சுண்ணாம்பு அடிக்கலாம். சுவரில் ஒரு பக்கத்தையாவது இடித்துத் திறப்பது இன்னும் உத்தமம்.

வெயில் காலத்தில் மாடு தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை என்று அவரே குறைபட்டுக்கொண்டதால் தொட்டியையும் போய்ப் பார்த்தேன். முற்றத்து நடுவே, காலை முதல் காய்ந்த சிமெண்டுத் தொட்டியில், குளிப்பதற்கு விளாவினாற்போன்ற வெந்நீர். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பசு வேறெங்கிருந்து கொண்டுவரும்?

சோறும் கஞ்சியும் குளிர்ச்சி என்பது இன்னொரு நம்பிக்கை. நமக்குப் பழையது குளிர்ச்சியாக இருக்கலாம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை வாரி வாரிப் பசுவுக்கு வைப்பது புண்ணியமன்று, விபரீதம். புல்லையும் வைக்கோலையும் நொதிக்கவைத்துச் செரிப்பதற்கென்று அமைந்த பெரிய இரைப்பையில் அவ்வளவு மாவுப்பொருள் ஒரேயடியாக விழுந்தால், அது அமிலமாகப் புளித்து, மாடு இரையெடுக்காமல் துவண்டு, உயிருக்கே அபாயம் நேர்வதுண்டு. அந்த நொதிப்பே ஒரு சூடு என்பதையும் கவனிக்க வேண்டும்: வைக்கோலும் சோளத்தட்டையும் நொதிக்கையில் உண்டாகும் சூடு அதிகம் என்பதால், அவற்றை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போட்டு, பகலில் பசும்புல்லைக் காட்டுவதே யுக்தி.

இனி நாய். வெயிலில் நாய்க்கு வெறி பிடிக்கும் என்று நம்பி, நாக்கைத் தொங்கப்போட்டு எச்சில் ஒழுக இரைக்கும் தெருநாயைக் கல்லால் அடிப்பவர்களை இன்றும் பார்க்கிறோம். வெறிநோய் ஒரு வைரஸால், பெரும்பாலும் கடியின் மூலம், பரவுவது. அதற்கு மாதமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இல் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தப் பேதைமை நம்மை விட்டபாடில்லை. நாய்க்கு வேர்ப்பது பாதத்தில்தான், அதுவும் சொற்பம். நாக்கின் ஈரம் ஆவியாகப் போவதே அதற்கு வேர்வை. கடித்துவிடுமோ என்று அஞ்சி அதன் வாயை இறுகக் கட்டி வெயிலில் நடத்திச் செல்பவர், இருந்த ஒரே வாசலையும் அடைத்துவிடுகிறார். சடைநாய்க்கு மயிரை ஒட்டச் சிரைத்துவிடுவதும் உபகாரமன்று. வெளி மயிர் வெயிலை மறிக்கும் பந்தல், அதைப் பிரித்துவிட்டால் தோல் வெந்துபோகும். உதிர்ந்து சிக்கிக் கிடக்கும் உள் மயிரைச் சீவி எடுத்தால் போதும்.

கோழிக்கு அந்தச் சொற்ப வேர்வையும் கிடையாது. அலகைத் திறந்து இரைப்பதே அதன் கதி என்பதால், புழுக்கமான நாளில் கூண்டை மூடிவைத்துத் தண்ணீர் தெளிப்பது காற்றை மேலும் ஈரமாக்கி அதைக் கொல்லும்; காற்றோட்டம் முதலில், தெளிப்பு அடுத்தபடி.

எல்லாவற்றிலும் கொடியது, வெயிலில் சுருண்ட பிராணிமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்ற பயம். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 பாகை பாரன்ஹீட். பசுவுக்கு ஏறக்குறைய 101.5. இதற்குமேல் நாலைந்து பாகை ஏறிவிட்டால் மூளையும் குடலும் சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கும்போது, ஜன்னிக்குப் பயந்து வெந்நீரா போடுவது? கிணற்று நீரோ குழாய் நீரோ, கிடைத்ததை உடம்பெங்கும் தாராளமாக ஊற்றி விசிற வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் அது சூடேறிக் கம்பளியாகிவிடும். நினைவு தப்பிய பிராணிக்கு வாயில் புகட்டினாலோ நீர் நுரையீரலுக்குள் போகும். வைத்தியர் அவசியம் வரத்தான் வேண்டும். ஆனால் நிழலுக்குக் கொண்டுபோய் நாலு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு அவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.