சாரணர் பயிற்சியும் நம் பிள்ளைகளும்

பெற்றோரே! சாரணர் முகாமுக்குப் போக உங்கள் மகன் உத்தரவு கேட்டு நிற்கிறான். "படிப்புக் கெட்டுவிடுமே" என்று தயங்குகிறீர்கள். சற்றுச் சிந்திப்போம்.

1907-ம் ஆண்டு ஆகஸ்டில் பேடன் பவல் என்னும் ஆங்கிலேயத் தளபதி, பிரௌன்சீத் தீவில் சுமார் 20 சிறுவரைக் கூட்டி முகாம் நடத்தினார். செல்வர் பிள்ளைகளும் உழைப்பாளர் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக உண்டு உறங்கினர். நம் நாட்டிலோ இந்தியச் சிறுவருக்கு முதலில் அவ்வியக்கத்தில் இடமில்லை. ஆகவே அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தனிச் சங்கம் கண்டார். சுதந்திரத்திற்குப் பின், 1950 நவம்பர் 7-ல், தனித்தனியே இயங்கிய சங்கங்கள் இணைந்து பாரத சாரண இயக்கமாயின. 1951-ல் சாரணியரும் சேர்ந்தனர்.

இதன் இரகசியம் யாது? சிறு அணியே. ஆறு முதல் எட்டுப் பேர். அவர்களுள் ஒருவனே தலைவன். கூடாரம், சமையல், முதலுதவி எல்லாம் தாமே செய்து கற்கின்றனர். கஞ்சி அடிபிடித்தால் அணி முழுவதும் அதையே குடிக்கவேண்டும். மறுநாள் அடுப்பருகே இருப்பவன் கண்ணயரான். பொறுப்பு இப்படித்தான் வரும். புத்திமதியால் மட்டும் வராது.

கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுவேன், பிறருக்கு உதவுவேன் என்று சாரணன் உறுதி கூறுகிறான். அவ்வுறுதி வீட்டிலும் விளங்கவேண்டாமா? முகாமில் பாத்திரம் துலக்கியவன் வீட்டில் தாயின் கையையே எதிர்பார்த்தால் பயிற்சி வீணன்றோ!

ஆகையால் அனுப்புங்கள். திரும்பியதும் வீட்டு வேலை ஒன்றை அவன் பொறுப்பிலேயே விடுங்கள். ஒருநாள் தவறினாலும் அதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். மகளுக்கும் இதுவே முறை.