பீப்பாய்க்குள் உயிர் இருக்கிறது

லீட்ஸுக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்து சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குச் சாப்பிட வருவது வழக்கம். சாப்பாடு முடிந்து பேச்சு நீளும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "அங்கிள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல எல்லாரும் பப்புக்குக் கூப்பிடறாங்க. அங்க போய் என்ன கேட்கறது? எது நல்லதுன்னு எப்படித் தெரியும்?" 1979-ல் கோயம்புத்தூரிலிருந்து ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கே வந்தபோது எனக்கும் இதே கேள்விதான். சொல்லித்தர ஆள் இல்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

1. உள்ளே போகக் கூச்சப்படாதீர்கள். நம் ஊரில் பார் என்றால் தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் நுழைகிற இடம். இங்கே பேரப்பிள்ளையோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்த பாட்டி இருப்பார், காலடியில் நாயைப் படுக்கவைத்துவிட்டுப் பேப்பர் படிப்பவர் இருப்பார். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். லைம் சோடா கேட்டால் ஒருவரும் ஒரு மாதிரியாகப் பார்க்கமாட்டார்கள். மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். 25-க்குக் கீழே இருப்பவர்போலத் தெரிந்தாலே அடையாள அட்டை கேட்பார்கள், அதைக் கையில் வைத்திருங்கள். கார் சாவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பைண்ட்தானே என்கிற பேச்சே வேண்டாம்.

2. அங்கே கேட்க வேண்டியது ரியல் ஏல் என்ற பீர்தான் என்பேன். அது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. லாகர் போன்ற கெக் பீர்கள் பெரும்பாலும் ஆலையிலேயே முடிந்துபோன சரக்கு. வடிகட்டி, பலசமயம் சூடுகாட்டி, ஈஸ்ட்டை நீக்கி, உலோகக் குடத்தில் அடைத்து அனுப்புவார்கள். பப்பில் கார்பன் டை ஆக்சைடு வாயு அதைக் குழாய்க்குத் தள்ளும். ரியல் ஏல் அப்படியில்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்க, வேலை பாதியில் இருக்க, பீப்பாயில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பப்பின் நிலவறையில் அது இன்னொரு முறை நொதித்து, தானே உண்டாக்கிய மெல்லிய வாயுவோடு பதத்துக்கு வரும். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. பாரில் நிற்பவர் கைப்பிடியை இழுக்கிறாரே, அந்த ஹேண்ட்பம்ப்தான் கீழேயிருந்து மேலே இறைக்கிறது, கிணற்றடியில் அடிபம்பு அடிப்பதுபோல.

நம் வீட்டு இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே உளுந்து, ஒரே அரிசி, ஒரே கை. ஆனாலும் மார்கழிக் குளிரில் ஒரு மாதிரி பொங்கும், சித்திரையில் வேறு மாதிரி பொங்கும். இறக்கின கள்ளும் அப்படித்தான், காலையில் இனித்தது சாயங்காலம் புளித்திருக்கும். உயிருள்ள பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆகவே ஒரே ஆலையின் ஒரே ஏல் ஒரு பப்பில் தேவாமிர்தமாகவும் பக்கத்துத் தெருவில் சப்பென்றும் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

அறுபதுகளில் பெரிய ஆலைகள் கெக்குக்கு மாறத் தொடங்கியதும் இந்தப் பீப்பாய் பீர் மறைந்தே போயிருக்கும். 1971-ல் வடமேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் அயர்லாந்தின் கெர்ரி பகுதிக்கு விடுமுறை போன இடத்தில், டன்க்வின் என்ற சிற்றூரில் உட்கார்ந்து, அதைக் காப்பாற்ற ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் இன்று எல்லோரும் சொல்லும் காம்ரா. குடிக்கிறவர்களே சேர்ந்து தங்கள் பானத்தைக் காப்பாற்றிய கதை அது. கைத்தறிக்கும் அப்படி ஒரு கூட்டம் கிளம்பியிருக்கக் கூடாதா என்று நெசவுத் தொழிலிலிருந்து வந்த எனக்கு இன்றைக்கும் ஏக்கம் உண்டு.

3. நீங்கள் எடைபோடப்போவது நிலவறையில் வேலை பார்ப்பவரை. வழக்கமான பீப்பாய்க்கு ஃபர்கின் என்று பெயர். 9 காலன், அதாவது 72 பைண்ட். வந்து இறங்கியதும் அதைப் படுக்கவைத்து, மேலே உள்ள துளையில் மென்மையான மர ஆணியைச் சொருகுவார்கள். அதன் வழியே அதிகப்படி வாயு மூச்சுவிடுவதுபோல் வெளியேறும். நுரைத்து அடங்கியபின் வாயு போகாத கெட்டி ஆணியை மாற்றுவார்கள். அடியில் மண்டி படியும்வரை பீப்பாயை அசைக்கக் கூடாது. அறை 11-லிருந்து 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும், குழாய்களை வாரம் ஒருமுறை மருந்துவிட்டுக் கழுவ வேண்டும். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்பது ஏலுக்கு ஏல் மாறும். இந்தப் பக்கத்து கீத்லியில் டிமதி டெய்லர் ஆலை காய்ச்சும் 'லேண்ட்லார்ட்' அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது, நிலவறையில் கூடுதல் நாள் கிடந்தால்தான் அதன் குணம் வெளியே வரும் என்று அதை வைத்துப் பராமரித்தவர்கள் சொல்வார்கள். நாக்குக்கும் அது தெரிகிறது.

பீப்பாயைத் திறந்தபின் காற்று உள்ளே போகிறது. மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்குமேல் சுணங்கிவிடும். இங்கேதான் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். பத்து ஹேண்ட்பம்ப் வரிசையாக நிற்கிறது என்றால் 720 பைண்ட் மூன்று நாளில் போயாக வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள நகர மையத்து பப்புக்கு அது முடியும். ஈ ஓட்டுகிற பப்பில் பத்து பம்ப்பைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும். இரண்டே இரண்டு பம்ப் வைத்து இரண்டையும் புதிதாக ஓட்டுகிறவர்மீது எனக்கு மரியாதை அதிகம்.

4. பாரில் எப்படிக் கேட்பது? மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், பாருக்கு நாம்தான் போக வேண்டும். உங்களுக்கு முன்னால் வந்தவர் யார் என்று மனதில் வைத்துக்கொண்டு, அவர் பங்கு முடிந்தபின் கேளுங்கள். காசை நீட்டி ஆட்டுவது, கைதட்டுவது கூடவே கூடாது. பம்ப்பில் மாட்டியிருக்கும் அட்டையில் பெயரும் சதவீதமும் இருக்கும். முதல்முறை என்றால் நாலு சதவீதத்துக்குக் கீழே தொடங்குங்கள். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்று கேட்டால் நல்ல பப்பில் சின்னக் கிளாஸில் ஒரு வாய் தருவார்கள். ஒரு பைண்ட் 568 மில்லி. அரை பைண்ட் கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை, பல இடங்களில் மூன்றில் ஒரு பங்கும் கிடைக்கும்.

ஐபிஏ என்று ஓர் அட்டையைப் பார்ப்பீர்கள். அதில் உள்ள 'ஐ' நம் இந்தியாதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து நம் நாட்டுக்குக் கப்பலேறிப் போன வெளிர் ஏல்களின் வாரிசு அது. அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் நிற்க, சரக்கெல்லாம் மசூலாப் படகில் அலைதாண்டிக் கரைக்கு வந்தது. அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அலையில் தூக்கிவாரிப் போடும் படகும், துடுப்புப் போட்ட நம் ஆட்களும்தான் என் நினைவுக்கு வருவார்கள்.

5. கிளாஸ் கைக்கு வந்ததும் உடனே குடிக்காதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பளிச்சென்று கண்ணாடிபோல் இருக்க வேண்டும். சில புதிய ஆலைகள் வேண்டுமென்றே தெளியவைக்காமல் அனுப்புகிறார்கள், அட்டையிலேயே அப்படி எழுதியிருக்கும், இல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள். சைவப் பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்: ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் பல ஆலைகள் சேர்க்கின்றன. அது மண்டியோடு அடியில் தங்கிவிடும் என்றாலும், வேண்டாம் என்பவர்கள் சைவ ஏல் எது என்று பாரில் கேளுங்கள்.

பிறகு மூக்கு. மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தின் வறுத்த வாசனை, பிஸ்கட் வாசனை, கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் பச்சிலை வாசனை, ஆரஞ்சுத் தோல் வாசனை என்று ஏதாவது எழ வேண்டும். வினிகர் நெடி அடித்தால் பீப்பாய் நாள்பட்டுப்போனது. ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது. வெண்ணெய் மிட்டாய் மணம் தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் நொதித்தல் சரியாக முடியவில்லை என்று அர்த்தம். கடைசியில்தான் நாக்கு. ஜில்லென்று இருக்காது, இருக்கவும் கூடாது. ஐஸ் குளிரில் நாக்கு மரத்துப்போய் ருசி எதுவும் தெரியாது. நிலவறைக் குளிர்ச்சி, பானைத் தண்ணீர்போல, அதுதான் கணக்கு. ஆனால் வெதுவெதுப்பாக இருந்தால் அது பராமரிப்பின் குற்றம்.

6. நுரைபற்றி வடக்கத்தியாரும் தெற்கத்தியாரும் இங்கே சண்டைபோட்டுக்கொள்வார்கள். யார்க்‌ஷையரில் பம்ப்பின் மூக்கில் ஸ்பார்க்ளர் என்ற சல்லடை மூடியை மாட்டி இழுப்பார்கள், மேலே பாலாடைபோல் கனத்த நுரை நிற்கும். லண்டன் பக்கம் அது இல்லாமல் தட்டையாக ஊற்றுவார்கள். டபராவில் ஆற்றிய காப்பியில் வளர்ந்த எனக்கு வடக்குதான் சரி. நுரை அதிகமாகி அளவு குறைந்தால் மட்டும் நிரப்பித் தரச் சொல்லுங்கள், செய்வார்கள்.

7. கெட்டுப்போன பைண்ட்டைக் குடிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் வாய்திறக்கமாட்டார்கள். நான் வந்த புதிதில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து பப் ஒன்றில் எனக்குக் கொடுத்தது புளித்த காடிதான். கலங்கலாக, பழைய சோற்றுப் பானையைக் கழுவின தண்ணீர்போல இருந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் அந்த ஆள் கிளாஸைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "இது இப்படித்தான் இருக்கும். உனக்குப் பழக்கமில்லை" என்றார். நான் திரும்பி வந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பழக்கமில்லாதது என் குற்றம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புளிப்பு என்னவென்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று.

உங்களுக்கு அது நடக்கக் கூடாது. இரண்டு வாய்க்குமேல் குடிக்காமல் பாருக்கு எடுத்துப்போய், "இதை ஒருமுறை பார்க்கிறீர்களா, புளிப்பு அடிக்கிறது" என்று நிதானமாகச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் முதலில் முகர்ந்து பார்ப்பார், கொஞ்சம் ருசிப்பார், வேறு ஊற்றித் தருவார், அந்தப் பம்ப்பின் அட்டையைத் திருப்பிவைப்பார். இந்த நாலும் நடந்தால் அந்த பப்புக்கு மறுபடி போங்கள். அதோடு, கசப்புப் பிடிக்காததையும் கெட்டுப்போனதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது உங்கள் விருப்பம், அதற்காகத் திருப்பிக் கொடுப்பது நியாயம் இல்லை.

8. மார்க் போடும் பழக்கம் நல்லது. காம்ராவினர் பூஜ்யத்திலிருந்து 5 வரை போடுவார்கள். பூஜ்யம் என்றால் வாயில் வைக்க முடியாதது, 3 என்றால் நல்ல பீர், 5 என்றால் குறையே இல்லாதது. நான் சின்ன நோட்டில் எழுதிவைப்பேன். இத்தனை வருடத்தில் 5 போட்டவை என் கைவிரல்களுக்குள் அடங்கும். ஒரே நாளை வைத்து ஒரு பப்பை எடைபோட்டுவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை மதியம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை இரவு ஒருமுறை போய்ப் பாருங்கள். செவ்வாய் மதியம் நல்ல பைண்ட் கிடைத்தால் அந்த நிலவறையை நம்பலாம்.

9. இனி, இடத்தின் தன்மை. இதைத்தான் எழுதிப் புரியவைப்பது கஷ்டம். ஆகவே ஒரே ஓர் இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன். பிரிக்கேட் கடைத்தெருவில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு சந்து போகும். தெரியாதவர் தாண்டிப் போய்விடுவார். உள்ளே நுழைந்தால் ஒடுங்கிய நீண்ட முற்றம், அதன் ஓரமாக 'விட்லாக்ஸ்'. 1715-ல் 'டர்க்ஸ் ஹெட்' என்ற பெயரில் தொடங்கிய இடம். இன்று நீங்கள் பார்க்கும் உள்வேலைப்பாடு விக்டோரியா காலத்து லீட்ஸின் கைவண்ணம். பாரின் முகப்பு முழுக்க வண்ண ஓடு, மேலே பித்தளையும் செம்பும், சுவரெங்கும் பழைய கண்ணாடிகள். குறுகலான இடத்தை அந்தக் கண்ணாடிகள் இரண்டு மடங்காக்குகின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு வாசல் பக்கத்து வெளிச்சம் பித்தளையில் பட்டு எதிர்ச்சுவரில் ஆடுவதை ஒருமுறை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஆனால் ஓடும் பித்தளையும் மட்டும் போதாது. அழகான மண்டபத்தில் பேச முடியாத அளவுக்குப் பாட்டு அலறினால் நான் எழுந்து வந்துவிடுவேன். தனியாக வந்தவரைப் பாரில் நிற்பவர் ஒரு வார்த்தை பேசி வரவேற்கிறாரா? கழிப்பறை சுத்தமா? மேசை பிசுபிசுக்கிறதா? முன்பின் தெரியாத இருவர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கி, அது ரயில், கிரிக்கெட் என்று வளர்கிறதா? நான் கவனிப்பது இவைதான். ஓர் உதாரணம் சொல்கிறேன். 1822-லிருந்து இந்த ஊரில் டெட்லி என்ற பீர் ஆலை இருந்தது. நான் வந்த காலத்தில் ஆற்றுக்குத் தெற்கே நடந்தால் காலையில் மால்ட் வேகும் வாசனை முகத்தில் அடிக்கும். 2011-ல் அதை மூடினார்கள். அன்றைக்கு ஒரு பப்பில், அந்த ஆலையில் வேலை பார்த்த முதியவர் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஆனால் அவர் கிளாஸ் காலியாகும்போதெல்லாம் யாரோ ஒருவர் அரை பைண்ட் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்த பப்புக்கு அழகு என்று ஒன்றும் கிடையாது. என் நோட்டில் அதற்கு முதலிடம்.

10. நான்கு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்குவது இங்கே வழக்கம், ரவுண்ட் என்பார்கள். உங்கள் முறை வரும்போது யாரும் சொல்லாமலே எழுந்துபோங்கள். உங்களுக்குப் போதும் என்றால் நண்பர்களுக்கு மட்டும் வாங்கிவிட்டு, உங்களுக்கு லைம் சோடா வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மணி அடித்து மூடும் நேரம் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் முடித்துக்கொள்ளுங்கள், அவர்கள் இனிமேல்தான் கீழே போய் நாளைய பீப்பாயைப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது காலி கிளாஸை எடுத்துப்போய்ப் பாரில் வைத்து, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.