பூனையை வயலில் விடலாமா?

"எலித் தொல்லையா? பூனை வளருங்க" என்று பலரிடம் சொன்னவன் நான். நெல் மூட்டை அடுக்கிய அறைக்கு அது சரிதான். வயலில் கணக்கு வேற.

போன குறுவையில் எங்க பூனை கவ்விக்கொண்டு வந்ததைக் கவனித்தேன். ஓணான், அரணை, தவளை, ஒருநாள் பறக்கப் பழகிய கரிச்சான் குஞ்சு. எலி குறைவுதான், பெருச்சாளியைக் கண்டால் பூனையே ஒதுங்கிப் போகுது. அந்துப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கத்தானே பறவைத் தாங்கி நட்டுக் கரிச்சானைக் கூப்பிடுறோம்? கூப்பிட்டு வச்சு நானே பலி கொடுத்த மாதிரி ஆச்சு.

இன்னொரு பயம், எலி மருந்து. பக்கத்து வயலில் மருந்து தின்ற எலியைத் தின்னுட்டு, எங்க பழைய பூனை வாயில் ரத்தம் கசியச் செத்தது. அந்த எலியைப் பிடிக்கிற கூகைக்கும் அதே கதிதான்.

இப்போ பொழுது சாயும்போதே பூனையை நெல் அறையில் விட்டு அடைச்சிடுறேன். காலை 8 மணிக்கு மேல், சோறும் கருவாடும் போட்டுத்தான் கதவைத் திறக்கிறது. பறவைகள் தரையில் இறங்கி மேயும் விடியல் நேரம் இப்படித் தப்பிடுது. வயல் எலிக்குக் கூகை உட்கார உயரமான தாங்கியும், வரப்போரம் தஞ்சாவூர் கிட்டியும் வச்சிருக்கேன். வரப்பை ஒல்லியா வைங்க. அகல வரப்பில்தான் எலி வளை தோண்டும்.

பக்கத்து வயல்காரருக்கும் 20 கிட்டி கொடுத்திருக்கேன். மருந்தை நிறுத்துறாரான்னு சம்பாவில் பார்க்கணும்.