பழைய போர் விமானங்களும் அவற்றை வாங்கிக் காப்போரும்



நம் தோட்டத்திற்குப் பழைய இரும்பு வாங்க வரும் லாரிக்காரரிடம் உடைந்த மிதிவண்டி ஒன்றைக் கொடுத்தால், அவர் அதனைத் தராசில் ஏற்றி எடைக்கு ஏற்ற விலையைத்தான் கூறுவார். அதனை ஓட்டியவர் யார், அது எங்கெங்குச் சென்று வந்தது என்பதெல்லாம் அவருக்கு வேண்டாதவை. ஆனால், பறக்க இயலாமல் துருவேறிக் கிடக்கும் பழைய போர் விமானத்தை அதன் வரலாற்றுக்காகவே பெருவிலை கொடுத்து வாங்குவோரும் இவ்வுலகில் இருக்கின்றனர். அவர்கள் ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்பதனை இக்கட்டுரையில் ஆராய்வோம். நெகிரி செம்பிலானில் வாழும் நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 'லிபரேட்டர்' எனும் குண்டுவீச்சு விமானத்தைக் கட்டியது. நான்கு இயந்திரங்கள், இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 110 அடி, நெடுந்தூரம் பறக்கும் ஆற்றல். இத்தகைய விமானங்கள் 18,000க்கும் அதிகமாகக் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை உடைத்து உருக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள், முழுமையான லிபரேட்டர் ஒன்றைக் காண்பதே அரிதாகிவிட்டது.

அவ்வாறிருக்க, இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களுள் பல எங்கிருந்து வந்தன? இந்தியாவிலிருந்து! கதை சுவையானது.

பிரிட்டிஷ் விமானப் படை இவ்விமானங்களை அமெரிக்காவிடமிருந்து போர்க்கால உதவியாகப் பெற்றிருந்தது. போர் முடிந்தபின், இந்தியாவில் இருந்தவற்றைக் கான்பூரில் ஒன்றுசேர்த்து, எவரும் மீண்டும் பறக்கவிட முடியாதவாறு சேதப்படுத்திக் கைவிட்டுச் சென்றது. நாடு விடுதலை பெற்றபின், புதிய குண்டுவீச்சு விமானங்களை வாங்கப் பணமில்லாத இந்தியா, அக்குப்பை மேட்டின்மீது கண் வைத்தது. பெங்களூரிலிருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் கான்பூருக்குச் சென்று, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, பெங்களூர் வந்து சேரும் அளவிற்கு மட்டும் அவற்றைச் செப்பனிட்டனர். அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிவந்த பெருமை, தொழிற்சாலையின் சோதனை விமானியான ஜிம்மி முன்ஷியைச் சாரும். ஒட்டுப்போட்ட விமானத்தில் ஏறி அத்துணைத் தொலைவு பறப்பதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! இவ்வாறு ஏறத்தாழ 40 விமானங்கள் மீண்டும் உயிர் பெற்றன. 1948ஆம் ஆண்டு இந்திய விமானப் படையில் சேர்ந்த அவை, 1968ஆம் ஆண்டு இறுதி வரை உழைத்தன.

அவை ஓய்வு பெற்றபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. தாங்கள் உருக்கிவிட்ட பொருளை இந்தியா இருபது ஆண்டுகளாகப் பறக்கவிட்டதை மேலை நாட்டினர் கண்டனர். கனடா ஒன்றைப் பெற்றது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீமா அருங்காட்சியகம் 1969இல் ஒன்றைப் பெற்றது. 1974இல் பிரிட்டனுக்கு ஒன்று சென்றது. புதுடில்லி பாலத்திலுள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒன்று வைக்கப்பட்டது.

தனியாரும் வந்தனர். இந்தியாவில் கிடந்த ஒரு லிபரேட்டரை 1981இல் டக் அர்னால்டு என்னும் ஆங்கிலேயர் வாங்கி, பிரித்தெடுத்துக் கொண்டுசென்றார். 1984இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை அதனை அவரிடமிருந்து வாங்கியது. தரையில் நிறுத்திக் காட்டினால் போதும் என்பது முதல் எண்ணம். ஆனால், போரில் அவ்விமானங்களில் பறந்த முதியவர்கள் அது மீண்டும் பறக்கவேண்டுமென விரும்பினர். செப்பனிடும் வேலைக்கு ஏறத்தாழ 97,000 மணி நேர உழைப்பு செலவாயிற்று. மாணவர்களே, இங்கே ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரமாக, ஆண்டுக்கு 300 நாள் உழைப்பாரெனில், அவ்வேலையை முடிக்க அவருக்கு 40 ஆண்டுகள் வேண்டும். பலர் கூடிச் செய்தமையால் 1989இலேயே அது வானில் ஏறியது.

பறக்கவிடுவதா, நிறுத்திவைப்பதா என்பதில் ஆர்வலர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. 2019 அக்டோபர் 2ஆம் நாள், அதே அறக்கட்டளையின் வேறொரு பழைய குண்டுவீச்சு விமானம், பயணிகளை ஏற்றிச் சென்றபோது விபத்துக்குள்ளாகி, எழுவர் மாண்டனர். மறு ஆண்டு, பயணிகளை ஏற்றுவதற்கு அறக்கட்டளை பெற்றிருந்த அனுமதி நீக்கப்பட்டது. நம் கருத்தைக் கேட்டால், பழைய விமானம் பறக்கட்டும்; ஆனால் அதன் இயல்பறிந்த விமானியர் மட்டுமே அதில் ஏறட்டும் என்போம்.

வாங்குவோர் அனைவரும் செல்வச் செருக்கால் வாங்குகின்றனர் எனக் கருதலாகாது. இந்திய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர், அயர்லாந்தில் பழைய இரும்பாகப் போகவிருந்த 'டக்கோட்டா' விமானத்தை வாங்கினார். அவர்தம் தந்தையார் இந்திய விமானப் படையில் டக்கோட்டா ஓட்டியவர். இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி நகரில் அது புதுப்பிக்கப்பட்டது. 1947 அக்டோபர் 27ஆம் நாள் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களைக் கொண்டுசென்ற டக்கோட்டாவின் எண்ணையே அதற்கும் இட்டனர். 2018ஆம் ஆண்டில், ஐரோப்பாவையும் அரபு நாடுகளையும் கடந்து அது தானே பறந்து இந்தியா வந்தடைந்தது. தந்தையின் நினைவாக ஒரு மகன் தந்த கொடை அது.

இனி, நம் மாநிலத்திற்கு வருவோம்.

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. ஆயினும், பிரிட்டிஷ் படைகள் மலாயாக் கரையில் இறங்கியது செப்டம்பரில்தான். இடைப்பட்ட நாள்களில், காட்டிலிருந்த 'ஃபோர்ஸ் 136' படையினருக்கு வானிலிருந்து பொருள்களைப் போடவேண்டியிருந்தது. ஆகஸ்டு 23ஆம் நாள், இந்தியப் பெருங்கடலிலுள்ள கோக்கோஸ் தீவிலிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் 356ஆம் அணியைச் சேர்ந்த ஒரு லிபரேட்டர் அப்பணிக்காகப் புறப்பட்டது. ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் கடலும் காடும் கடந்து வந்த அது, கோலப்பிலா வட்டாரக் காட்டில் விழுந்து நொறுங்கியது. எண்மர் மாண்டனர். போர் ஓய்ந்து எட்டு நாள்கள் ஆகியிருந்தன!

பல்லாண்டுகள் அவர்கள் அக்காட்டிலேயே கிடந்தனர். பின்னர் எச்சங்கள் மீட்கப்பட்டு, 2012 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் எண்மரும் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டனர். ஒவ்வொரு விமானத்திற்கும் ஓர் எண் உண்டு. அதில் ஏறியோர் பெயர்கள் ஏட்டில் உண்டு. ஆகவே 67 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களைப் பெயர் சொல்லி அடக்கம் செய்ய முடிந்தது. அதே போர்க்காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தமிழர் பல்லாயிரவர். அவர்களுக்கு அத்தகைய ஏடு இல்லை. யார் எங்கே விழுந்தார் என்பது, திரும்பி வந்த சிலரின் வாய்ச்சொல்லாக மட்டுமே வீடுகளில் தங்கியது. உங்கள் வீட்டில் அத்தகைய பெயர் ஏதேனும் வழங்கி வருமாயின், அதனை ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

விமானம் வாங்கும் ஆர்வலர்களும் விலை பேசக்கூடாத பொருள் இத்தகைய எச்சம்தான். பட்டறையில் நிற்பது விமானம்; காட்டில் ஆளோடு விழுந்து கிடப்பது கல்லறை. செம்பனை நடுவதற்காகக் காடு அழிக்கும்போதோ, ஆற்றோரத்தில் மண் சரியும்போதோ பழைய உலோகத் துண்டுகள் வெளிப்படக்கூடும். பிள்ளைகள் அவற்றைத் தொடவே கூடாது. வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். பெரியவர்களும் பெயர்த்தெடுத்து லாரிக்காரரிடம் கொடுத்துவிடாமல், காவல் நிலையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, பழம்பொருளைக் கண்டெடுப்போர் மாவட்ட அதிகாரிக்கு அறிவித்தல் கடமையாகும். எழுத்தோ எண்ணோ பொறித்த சிறு தகடாயினும் அதனைச் சுரண்டாமல், இருந்த இடத்திலேயே விட்டு, இடத்தை நன்கு நினைவில் கொண்டு வந்து சொல்லுங்கள்.