பாட்டு இருக்கட்டும், இரைச்சல் போகட்டும்!

செல்போனில் பதிவு செய்த பாட்டோ, கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றிய கச்சேரியோ, வேண்டாத சத்தம் கூடவே வந்துவிடுகிறதா? இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாசிட்டி' மென்பொருளைக் கொண்டே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

1. பதிவு தொடங்கும் முன் மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். செல்போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருந்தால், 'ப' சொல்லும்போது காற்று மோதும் சத்தம் வராது.

2. பாட ஆரம்பிக்கும் முன் 10 விநாடி யாரும் பேசாமல் பதிவை ஓடவிடுங்கள். தம்பூராவும் சுருதிப் பெட்டியும் அதற்குப் பிறகுதான் ஒலிக்க வேண்டும். காரணம் 4-ஆம் குறிப்பில்.

3. அசல் பதிவைத் தொடாதீர்கள். நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். வேலை முடியும்வரை 'வேவ்' ஃபைலாகவே இருக்கட்டும். சிடி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும். எம்பி3-ஆகக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

4. அந்த 10 விநாடியை மட்டும் செலக்ட் செய்து, 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' பகுதியில் 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' அழுத்துங்கள். பிறகு பாட்டு முழுவதையும் செலக்ட் செய்து, 6 டெசிபல் வைத்து ஓகே கொடுங்கள். தம்பூரா ஒலிக்கும் இடத்தை மாதிரியாகக் கொடுத்தால், சுருதியையும் இரைச்சல் என்று எண்ணி மென்பொருள் அரித்துவிடும்.

5. டெசிபலை ஏற்றிக்கொண்டே போனால், தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் குரல் குழறும். 'ரெசிட்யூ' என்பதைத் தேர்ந்தெடுத்து 'பிரிவ்யூ' கேட்டால், நீக்கப்படும் சத்தம் மட்டும் ஒலிக்கும். அதில் பாட்டும் கேட்டால் அளவைக் குறையுங்கள்.

6. 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் பெரும்பாலும் மின்சாரத்திலிருந்து வருவது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்தாலே பல நேரம் போய்விடும். ஏற்கெனவே பதிவாகியிருந்தால் 'நாட்ச் ஃபில்டர்' கொண்டு 50, 100, 150 ஹெர்ட்ஸ்களை வெட்டுங்கள். 'க்யூ' மதிப்பைக் கூட்டினால் வெட்டு குறுகும். பாட்டுக்குச் சேதம் குறையும்.

7. பஸ், லாரி உறுமலுக்கு 'ஹை பாஸ் ஃபில்டர்'. பெண் குரலோ புல்லாங்குழலோ மட்டும் என்றால் 80 ஹெர்ட்ஸ் வைக்கலாம். மிருதங்கம் இருந்தால் 40-க்கு மேல் வேண்டாம்; தொப்பியின் கும்கி மெலிந்துவிடும்.

8. கேசட்டை மாற்றும் முன், பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். மங்கிய ஒலி தெளியும்.

9. இசைத்தட்டின் 'டிக் டிக்' சத்தத்துக்கு 'கிளிக் ரிமூவல்' போதும். தம்பட்டம், ஜால்ரா ஒலிக்கும் இடங்களில் மிதமாகவே பயன்படுத்துங்கள். அவற்றின் அடியையும் கீறல் என்று எடுத்துவிடக்கூடும்.

10. இரண்டு பாட்டுக்கு நடுவே இருமலா? அந்த இடத்தை வெறுமையாக்கினால் தம்பூரா திடீரென்று நின்றதுபோல் உறுத்தும். பக்கத்தில் தம்பூரா மட்டும் ஒலிக்கும் துண்டை நகலெடுத்து அங்கே ஒட்டுங்கள்.

11. அளவுக்கு மீறிய சத்தத்தால் உடைந்துபோன குரலை முழுமையாக மீட்க முடியாது. பதியும்போதே மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் ஹெட்ஃபோனில் அசலையும் நகலையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். குரலின் உயிர் குறைந்திருந்தால் அசலே மேல். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.