கல் மூங்கில்: வயசு பார்ப்பது எப்படி?

இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தாவரம் கல் மூங்கில். அறிவியல் பெயர் டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ்.

மூங்கில் மரம் அல்ல, புல். நெல்லும் கரும்பும் இதற்குச் சொந்தக்காரர்கள். வெளிப்பக்கம் கெட்டியாக இருப்பது புல் வகை என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறதாம். ஆனால் 1927-ஆம் வருட வனச் சட்டம் மூங்கிலை மரக் கணக்கில் சேர்த்துவிட்டது! காட்டுக்கு வெளியே வளர்ப்பது மரம் இல்லை என்று 2017-ல்தான் திருத்தினார்கள்.

நம்ம ஊர்ப் பக்கம் முள் மூங்கிலும் உண்டு. அதன் கணுவில் வளைந்த முள் இருக்கும், உள்ளே பொந்து. கல் மூங்கிலுக்கு முள் கிடையாது. 8 முதல் 16 மீட்டர் வரை வளரும். வறண்ட மலைச்சரிவில் வளர்ந்தால் உள்ளே கிட்டத்தட்ட கெட்டி. ஈரமான இடத்தில் வளர்ந்தால் கொஞ்சம் பொந்து விழும். ஆகவே வெட்டுவாயை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது.

லத்தி, ஏணி, மண்வெட்டிக் காம்பு, கூடை, காகிதம் என்று பயன்கள் நிறைய. எங்க பெரியப்பா சாரம் கட்டுபவர். மூன்றாவது மாடி உயரத்தில் கழி மேல் நிற்கிறவருக்கு அதன் வயசுதான் முக்கியம். பருமனைப் பார்த்து வயசு சொல்ல முடியாது. ஏன்னா, முளைத்த சில மாதத்திலேயே முழு உயரமும் வந்துவிடும். அப்புறம் பருக்காது, உள்ளுக்குள் முற்றும், அவ்வளவுதான்.

இளசு என்றால் பச்சையாக, மேலே வெள்ளைப் பொடியோடு, கணுவில் மட்டை ஒட்டியிருக்கும். முற்றியதில் மட்டை உதிர்ந்து சாம்பல் திட்டு படர்ந்திருக்கும். இளங்கழி காய்ந்தால் சுருங்கும், கட்டின கயிறு தளர்ந்துவிடும். கழியில் மாவுச்சத்து இருப்பதால் வண்டும் துளைக்கும். அதனால்தான் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். துளையிலிருந்து மாவு மாதிரி கொட்டினால் பெரியப்பா அந்தக் கழியைத் தொடவே மாட்டார். "அது விறகுக்குப் போகட்டும்டா" என்பார்.

வெட்டும்போது 3 வருடம் தாண்டியதைத்தான் வெட்டணும். புதுக்கழிகள் புதரின் வெளி ஓரத்தில் இருக்கும், அவற்றை விட்டுவிட வேண்டும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அடிக்கட்டையில் தண்ணீர் தேங்காது.

இந்த இதழுக்குக் கீழே மேசையில் இரண்டு துண்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று இளசு, ஒன்று முற்றியது. எது எது என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!

– 9 'ஆ' பிரிவு மாணவன்